பெர்மிட் ஆபீஸில் எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

பட்ஜெட் மாதம் வந்துவிட்டால் கலிஃபோர்னியாவின் பல கவுண்டிகளில் ஒரே பேச்சுதான். பணம் போதவில்லை, எந்தத் துறையில் கைவைப்பது? ஷெரிஃப் பக்கம் போக யாருக்கும் தைரியம் வராது. சிறை, மருத்துவம், குழந்தைகள் பாதுகாப்பு எல்லாம் சட்டப்படி நடத்தியே தீர வேண்டியவை. நூலகத்தைத் தொட்டால் அம்மாக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கே வந்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது பிளானிங், பில்டிங் பெர்மிட் துறை, அதாவது கட்டடம் கட்ட அனுமதி கொடுக்கும் ஆபீஸ். அதற்காகப் பரிந்து பேச ஆள் கிடையாது, ஏனென்றால் வீடு கட்டினவர்களுக்கு அந்த ஆபீஸ் மேல் ஏதாவது ஒரு பழைய கோபம் இருக்கும், கட்டாதவர்களுக்கு அப்படி ஒரு ஆபீஸ் இருப்பதே தெரியாது.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். வீடுகள், வீட்டுக்குப் பின்னால் கட்டும் சின்ன வீடுகள், மாடி எடுப்பது, சுவரை இடித்துவிட்டு பீம் போடுவது, இப்படிச் சில்லறை வேலைகள்தான் அதிகம். வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு நாலைந்து கவுண்டிகளின் பெர்மிட் ஆபீஸ்களில் ஏறி இறங்குவதே பிழைப்பு. நான் குடியிருக்கும் கவுண்டி இந்த வருடம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. கவுன்டர் நேரத்தைக் குறைக்கலாமா, கட்டணத்தை ஏற்றலாமா, வெளி நிறுவனங்களிடம் வேலையைக் கொடுக்கலாமா, சில வேலைகளை அப்படியே விட்டுவிடலாமா என்று நாலு வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, "அண்ணா, எதுக்கு டிக் அடிக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். வாய்ஸ் மெசேஜில் சொல்ல ஆரம்பித்தேன், ஏழு நிமிடம் தாண்டியும் இரண்டாவது வழிக்கே வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே நகரம் ஒன்றின் எல்லைக்குள் வராத பகுதிகளுக்கு கவுண்டியேதான் நகராட்சி. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் மட்டும் 88 நகரங்கள் இருக்கின்றன, அந்த 88க்கும் வெளியே சுமார் 10 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு அறை கூட்ட வேண்டுமானால்கூட கவுண்டியிடம்தான் போக வேண்டும். கிராமப்புறக் கவுண்டிகளில் இதோடு செப்டிக் டேங்க், கிணறு, காட்டுத் தீ விதிகள் என்று இன்னும் மூன்று மேஜைகள் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் நாலு வழியில் எதற்கு டிக் அடித்தாலும் அது குருட்டு டிக்தான். இந்தத் துறைக்கு இரண்டு பாக்கெட். ஒன்று, நாம் கட்டும் பெர்மிட் கட்டணம். பில்டிங் பக்கம், அதாவது வரைபடம் சரிபார்ப்பது, இடத்துக்கு வந்து இன்ஸ்பெக்‌ஷன் செய்வது, பெரும்பாலும் அதிலேயே ஓடுகிறது. இன்னொன்று கவுண்டியின் பொது நிதி, முக்கியமாகச் சொத்து வரி. கவுன்டரில் உட்கார்ந்து ஸோனிங் (எந்த மனையில் என்ன கட்டலாம் என்ற விதி) கேள்விக்குப் பதில் சொல்கிறவர், பத்து இருபது வருடத்துக்கு முன்யோசனையாகத் திட்டம் போடும் பிளானர், பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் கட்டுகிறார் என்று புகார் கொடுத்தால் வந்து பார்க்கிற ஆள், இவர்கள் சம்பளம் அதிகமும் பொது நிதியில்தான். 1978இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு அந்தப் பாக்கெட்டின் வாயை அப்போதே தைத்துவிட்டது. வீடு கைமாறாத வரை அதன் வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விலைவாசி 2 சதவீதத்தில் நிற்குமா?

ஆகவே "பெர்மிட் துறையில் 10 சதவீதம் குறைப்பு" என்று அறிவிப்பு வந்தால் அது துறை முழுக்கச் சமமாக விழாது. கட்டணத்தில் ஓடும் பக்கத்தில் குறைத்தால் பொது நிதிக்கு ஒரு டாலர்கூட மிச்சமாகாது, அதனால் முழு வெட்டும் பொது நிதிச் சம்பளக்காரர்கள் தலையில் விழும், அவர்கள் எண்ணிக்கையோ ஏற்கெனவே குறைவு. துறையில் 10 சதவீதம் என்பது கவுன்டரில் பாதி ஆளாக மாறுவது இப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை, கட்டணப் பாக்கெட்டும் நிலையானதில்லை. 2005இல் அமெரிக்கா முழுக்க 21 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு பெர்மிட் கொடுத்தார்கள். 2009இல் அது 6 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. வருமானம் அப்படி விழும், வேலை உடனே விழாது. ஏனென்றால் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள், அதற்கான இன்ஸ்பெக்‌ஷன்கள் அடுத்த ஒன்றிரண்டு வருடம் வந்துகொண்டே இருக்கும். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிட்டு, முகூர்த்த நாளன்று சமையல்காரரை நிறுத்திவிட்டதாகச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த வருடங்களில் நான் வேலை செய்த ஒரு கவுண்டியில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது, பெயர் வேண்டாம்.

பணம் குறையும் நேரத்தில் வேலை கூடுவதும் உண்டு. 2025 ஜனவரியில் ஈட்டன் காட்டுத் தீயில் அல்டடீனாவிலும் சுற்றிலும் 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன, அவற்றில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நேரடியாக ஆளும் பகுதி. அந்த வருட வசந்தத்தில் அதே கவுண்டி பழைய சிறார் பாலியல் கொடுமை வழக்குகளுக்காக 400 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பெரும்பாலான துறைகளுக்கு 3 சதவீதக் குறைப்பு, காலியாக இருந்த 310 பணியிடங்கள் ரத்து என்று பட்ஜெட் போட்டார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளைத் திரும்பக் கட்ட பெர்மிட் கேட்டு மக்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே போட்ட பட்ஜெட் அது. வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மை.

காலிப் பணியிடத்தை ரத்து செய்வது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நாலு வழியில் அது இல்லை, ஆனால் எல்லாக் கவுண்டியும் முதலில் செய்வது அதைத்தான். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, யூனியன் சண்டை இல்லை, செய்தித்தாளில் வராது. ஆனால் எந்த நாற்காலி காலி என்பதை யார் முடிவு செய்தது? ராஜினாமா செய்து போனவர். வரைபடத்தைச் சரிபார்க்கும் நல்ல பிளான் செக் இன்ஜினியருக்குப் பக்கத்து நகரத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்திருக்கும், அவர் போயிருப்பார், அந்த நாற்காலியை வெட்டிவிடுவார்கள். தேவை எங்கே என்று பார்க்காமல் காற்று அடித்த திசையில் கிளை முறிவதற்குப் பெயர் திட்டமிட்ட குறைப்பு.

இனி முதல் வழி, கவுன்டர் நேரத்தைக் குறைப்பது. வெள்ளிக்கிழமை மூடல், மற்ற நாள் காலை மட்டும், அல்லது முன்பதிவு செய்தால்தான் பேச முடியும். படிவத்தில் இதற்குப் பக்கத்தில் "சேவையில் பாதிப்பு குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு நாலு வழியிலும் மிக மோசமானதாகப் படுவது இதுதான்.

ஒரு நாள் காலை என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், காஸ்ட்கோ பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் தன் வீட்டை வரைந்து எடுத்து வந்திருந்தார். பின்பக்கம் மகளுக்கு ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும், முடியுமா? கவுன்டரில் இருந்த பெண் மனையின் எண்ணை வாங்கித் திரையில் தட்டினார், வரைபடம் வந்தது, பழைய செப்டிக் பெர்மிட்டைத் தேடி எடுத்தார். பெரியவர் கட்ட நினைத்த இடத்துக்கு நேர் கீழே செப்டிக் கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழாய்கள் ஓடின. அதன் மேல் கட்டவே முடியாது. அந்தப் பெண் பில்லைத் திருப்பி வைத்து, அவருடைய பேனாவையே வாங்கி, மேற்குப் பக்கம் ஒரு கட்டம் போட்டு, வேலியிலிருந்து இத்தனை அடி தள்ளி இங்கே வரும் என்று காட்டினார். மொத்தம் பத்து நிமிடம். பெரியவர் நன்றி சொல்லிவிட்டு பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

கவுன்டர் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் என்னைப் போல ஒருவரிடம் வந்திருப்பார். நாங்கள் அளந்து, வரைந்து, கணக்குப் போட்டு, சில ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு இணையத்தில் ஏற்றியிருப்போம். சில வாரம் கழித்துத் திருத்தக் கடிதம் வரும், சுகாதாரத் துறை மறுத்துவிட்டது என்று. திரும்ப வரைய வேண்டும், திரும்ப அனுப்ப வேண்டும், திரும்ப அதே மூன்று மேஜை. ஆபீஸுக்கும் அதே வேலை இரண்டு தடவை. கவுன்டரில் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து உள்ளே பத்து மணி நேரத்தைச் செலவழிப்பது எந்த ஊர் சிக்கனம் என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் என்னைப் போன்ற ஆட்களுக்குக் கவுன்டர் தேவையே இல்லை, எங்களுக்கு உள்ளே யாரை மின்னஞ்சலில் பிடிப்பது என்று தெரியும். அடிபடுவது முதல் தடவை வருகிறவர்தான்.

முன்பதிவு முறை மட்டும் பரவாயில்லை. இருபது நிமிட வீடியோ அழைப்பில் இதே பெரியவருக்கு இதே பதில் கிடைத்திருக்கும், அவர் பேரன் போனைப் பிடித்துக் கொடுத்தால். கவுன்டரைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் மதியத்தை மூடிவிட்டு அந்த நேரத்தை வீடியோ முன்பதிவுக்குக் கொடுக்கலாம். மூடிவிட்டு, "கேள்விகளை இந்த முகவரிக்கு மின்னஞ்சல் செய்யவும்" என்று ஒரு தாளை ஒட்டினால் அது கிணற்றில் போட்ட கல்.

இரண்டாவது, கட்டணத்தை ஏற்றுவது. நம் ஆட்கள் இதற்குத்தான் முதலில் கொதிக்கிறார்கள், "ஏற்கெனவே கொள்ளை, இன்னும் ஏத்தணுமா?" என்று. கோபம் நியாயம், ஆனால் பாதி தகவலில் வந்த கோபம். கலிஃபோர்னியாவில் பெர்மிட் கட்டணம், அந்த வேலையைச் செய்ய ஆகும் நியாயமான செலவைத் தாண்டக் கூடாது என்று அரசுச் சட்டத்தில் இருக்கிறது. 2010இல் வந்த 26ஆம் முன்மொழிவு அதை இன்னும் இறுக்கியது: செலவைத் தாண்டினால் அது வரி, வரி என்றால் வாக்கெடுப்பு வேண்டும். ஆகவே கவுண்டி நினைத்தாலும் பெர்மிட் பணத்தில் ரோடு போட முடியாது. எதிர்த் திசையில்தான் வழக்கமான தவறு நடக்கிறது. பல வருடம் கட்டணத்தைத் தொடாமல் விட்டு, செலவில் ஒரு பகுதியைப் பொது நிதியிலிருந்து ஊட்டிக்கொண்டிருப்பார்கள். மலை மேல் 5,000 சதுர அடியில் பங்களா கட்டுகிறவருடைய வரைபடத்தைச் சரிபார்க்கும் செலவில் ஒரு பங்கை, வாடகை வீட்டில் இருக்கிறவரும் சேர்ந்து கட்டுவது என்ன நியாயம்? பெரிய வேலைகளுக்கு முழுச் செலவையும் வாங்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை, என் வாடிக்கையாளர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

சின்ன வேலைகளில்தான் சிக்கல். வாட்டர் ஹீட்டர் மாற்ற பெர்மிட் வேண்டும். நில அதிர்ச்சியில் சாயாமல் இருக்க மேல் மூன்றில் ஒரு பகுதியிலும் கீழ் மூன்றில் ஒரு பகுதியிலும் பட்டை போட்டுச் சுவரோடு கட்ட வேண்டும், எரிவாயு ஹீட்டர் என்றால் புகைக்குழாய் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். இந்த பெர்மிட்டுக்கு முழுச் செலவையும் வாங்கினால், ஹீட்டர் மாற்ற வந்த பிளம்பரே "பெர்மிட்டோடவா, இல்லாமலா?" என்று கேட்பார். மக்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புகைக்குழாய் கழன்றிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது. ஆகவே சின்ன பெர்மிட் மலிவாக இருக்க வேண்டும், ஆனால் பெரிய பெர்மிட்டில் கூடுதலாக வாங்கி இதற்கு ஈடுகட்டச் சட்டம் விடாது. மிச்சத்தைப் பொது நிதிதான் தர வேண்டும். அதாவது குறைக்கச் சொல்லும் அதே பொது நிதி. கட்டணத்தை ஏற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். என் கணக்கில், பெரிய வேலைகளில் பொது நிதி ஊட்டுவதை நிறுத்தி, அந்தப் பணத்தை ஹீட்டருக்கும் கவுன்டருக்கும் திருப்பிவிட்டால் போதும், புதிய பணம் அதிகம் வேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்கு ஆதரவாளர்கள் அதிகம்: வெளி நிறுவனத்திடம் கொடுப்பது. ஆளை நிரந்தரமாக வைத்துச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பதற்குப் பதிலாக, பிளான் செக் செய்யும் ஆலோசனை நிறுவனத்துக்கு வரைபடத்தை அனுப்பி, வாங்கின கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடலாம். வேலை வந்தால் செலவு, வராவிட்டால் செலவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, சில நேரம் நன்றாகவே நடந்தும் இருக்கிறது. 2017 அக்டோபர் தீயில் சொனோமா கவுண்டியில் 5,000க்கும் மேற்பட்ட வீடுகள் போனபோது, வழக்கமான ஆபீஸை அந்தக் கூட்டத்தில் மூழ்கவிடாமல், எரிந்த வீடுகளுக்கென்றே தனி பெர்மிட் மையம் ஒன்றை 2018இல் திறந்து, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களை வைத்து நடத்தினார்கள். திடீரென்று வரும் வெள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டுவது போல. அதற்கு இது சரியான கருவி.

ஆனால் தினப்படி வேலைக்கு? எனக்கு ஒருமுறை பள்ளத்தாக்கில், கோடையில் 105 டிகிரி கொளுத்தும் ஊரில் கட்டும் கொட்டகைக்குத் திருத்தக் கடிதம் வந்தது. கூரையில் பனிச்சுமையைக் கணக்கிட்டுக் காட்டவும் என்று! மூன்றாவது வரியிலேயே புரிந்துவிட்டது, வேறு ஏதோ மலைக் கவுண்டிக்கு எழுதின கடிதத்தின் அச்சு. போன் செய்தால் வேறு நேர மண்டலத்தில் இருக்கும் ஒருவர், நல்ல மனிதர்தான், "நீக்கிவிடுகிறேன், ஆனால் நீங்கள் எழுத்தில் பதில் அனுப்பினால்தான் என்னால் நீக்க முடியும்" என்றார். ஒரு வரிப் பதிலுக்கு ஒரு சுற்று போய்விட்டது. உள்ளூர் ஆள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார், அதே சமயம் அந்த ஊர்க் களிமண் மழையில் ஊதிக் கோடையில் சுருங்கும் என்பதைக் கேட்காமல் விட்டிருக்கவும் மாட்டார். கடிதத்தில் மண் பற்றி ஒரு சொல் இல்லை.

நிரந்தர ஆட்கள் யாருமே இல்லாமல் எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிட்டால், வெளியே செய்த வேலை சரியா என்று பார்க்கத் தெரிந்தவரும் உள்ளே இருக்க மாட்டார். அப்புறம் ஒப்பந்தக்காரர் சொல்வதுதான் வேதம்.

இதன் இன்னொரு உருவம் விண்ணப்பதாரரே ஆள் வைத்துக்கொள்வது. ஃப்ளோரிடாவில் 2002 முதலே வீட்டுக்காரர் தனியார் ஒருவரை வைத்து வரைபடத்தையும் இன்ஸ்பெக்‌ஷனையும் முடித்துக்கொள்ளலாம். டெக்சஸ் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஆபீஸ் கெடு தாண்டி 15 நாள் போனால் வெளி ஆளிடம் போகலாம். கலிஃபோர்னியாவிலும் 2025இல் ஏ.பி. 253 என்ற சட்டம் வந்துவிட்டது: பத்து யூனிட் வரையுள்ள சிறு குடியிருப்புக்கு ஆபீஸ் 30 வேலை நாளில் வரைபடத்தைப் பார்த்து முடிக்காவிட்டால், தகுதியுள்ள இன்ஜினியரையோ ஆர்க்கிடெக்டையோ தன் செலவில் வைத்துக்கொள்ளலாம். வாஷிங்டன் மாநிலம் வேறு மாதிரி போனது. 2025 முதல் கெடுவைத் தாண்டினால் தாமதத்துக்கு ஏற்ப 10 அல்லது 20 சதவீதக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், வேலையை வேகப்படுத்தச் சில ஏற்பாடுகளைச் செய்துவைத்த ஊர்களுக்கு மட்டும் விலக்கு. இங்கேதான் நம் சூப்பர்வைசர்கள், அதாவது கவுண்டியை நடத்த நாம் தேர்ந்தெடுத்தவர்கள், கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. முன்பெல்லாம் ஆளைக் குறைத்தால் வரிசை நீளும், மக்கள் திட்டுவார்கள், அவ்வளவுதான். இப்போது தாமதத்துக்கு விலை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பின்புறச் சின்ன வீட்டு விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் சொல்லாவிட்டால் அது ஒப்புதல் ஆனதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

நாலாவது, வேலையையே குறைப்பது. படிவத்தில் இது கடைசியில், "சில சேவைகளைக் கைவிடுதல்" என்று பயமுறுத்தும் பெயரில் இருக்கிறது, அதனால் யாரும் டிக் அடிக்க மாட்டார்கள். எனக்கோ இதில்தான் பணமே இருப்பதாகத் தோன்றுகிறது, எந்த வேலை என்று பார்த்துச் செய்தால்.

கூரையில் சோலார் தகடு போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொன்றையும் ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து பார்ப்பார், நூற்றுக்குத் தொண்ணூறு அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே இருக்கும். 2022இல் வந்த எஸ்.பி. 379 சட்டம், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழும் கவுண்டிகள் இதை இணையத்தில் தானாகவே சரிபார்த்து அப்போதே பெர்மிட் கொடுக்க வேண்டும் என்றது. அதற்கான மென்பொருள் ஒன்றை மத்திய அரசின் ஆற்றல் ஆய்வகமே செய்து வைத்திருக்கிறது. அதே போல, பின்புற வீடுகளுக்கு முன்பே ஒப்புதல் பெற்ற வரைபடங்களை ஒவ்வொரு ஊரும் கவுண்டியும் 2025 ஜனவரிக்குள் ஏற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டும் என்று ஏ.பி. 1332 சட்டம் சொல்லிவிட்டது. ஒரு தடவை சரிபார்த்த வீட்டை நூறாவது தடவை ஏன் சரிபார்க்க வேண்டும்? மனை, மண், வேலியிலிருந்து தூரம், இதை மட்டும் பார்த்தால் போதும். எனக்கு இதில் வருமானம் குறையும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்‌ஷனில் வீடியோ. கோவிட் காலத்தில் பரவலாக வந்தது. ஹீட்டர் பட்டை, சின்னத் திருத்தம் செய்தபின் வரும் மறுபார்வை, இதற்கெல்லாம் ஒரு மனிதர் மலைப்பாதையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வர வேண்டாம். பெரிய கிராமப்புறக் கவுண்டியில் இன்ஸ்பெக்டரின் நாளில் கணிசமான பகுதி ஸ்டீயரிங் பிடிப்பதிலேயே போய்விடும்.

இதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் சுய சான்று. உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ "விதிப்படிதான் வரைந்திருக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் ஆபீஸ் சரிபார்க்காமலே பெர்மிட். நியூயார்க் நகரம் 1995 முதல் செய்கிறது, கூடவே சிலவற்றை எடுத்துத் தணிக்கையும் செய்கிறது. ஈட்டன் தீக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வீடுகளைத் திரும்பக் கட்ட இதைச் சோதனையாகக் கொண்டுவந்தது. நம் ஊரிலும் 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கியதே, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டினால் சுய சான்றில் உடனடி அனுமதி. என் மச்சான் கோவையில் அதைப் புகழ்ந்து தள்ளுகிறார். எனக்கு இதில் அரை மனசுதான். வரைபடத்தில் என் கையெழுத்தை நம்பலாம், நம்பாவிட்டால் என் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் கட்டுகிறவர் என் வரைபடத்தைப் பார்த்துத்தான் கட்டுகிறார் என்பதற்கு யார் கையெழுத்துப் போடுவது?

ஒரு அஸ்திவாரம். நான் வரைந்ததுதான், கம்பிகள் எல்லாம் எண்ணிக்கைப்படி இருந்தன, தூரத்திலிருந்து பார்த்தால் பாடப்புத்தகப் படம். காங்கிரீட் லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார், குழிக்குள் கால் வைத்து ஒரு கம்பியைப் பூட்ஸால் லேசாக அழுத்தினார். கம்பி இறங்கி மண்ணைத் தொட்டது. மண்ணை ஒட்டி ஊற்றும் காங்கிரீட்டில் கம்பிக்குச் சுற்றிலும் 3 அங்குலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் கற்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள், அதுவும் இங்கொன்றும் அங்கொன்றும். லாரியைத் திருப்பி அனுப்பினார்கள், கான்ட்ராக்டர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. போனில் எடுத்த வீடியோவில் அது தெரிந்திருக்காது. சுய சான்றிலும் தெரிந்திருக்காது. ஆகவே காகிதத்தைச் சரிபார்ப்பதைக் குறைத்தால், மிச்சமாகும் நேரத்தைக் குழிக்குள் கால் வைக்கும் ஆளுக்குக் கொடுக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் அடுத்த நிலநடுக்கத்தில் கணக்குத் தீர்க்கப்படும்.

வேலையைக் குறைக்கிறோம் என்ற பெயரில் தவறான இடத்தில் வெட்டுவதும் நடக்கும். நீண்டகாலத் திட்டம் போடும் பிளானர்கள்தான் சுலபமான இலக்கு, அவர்கள் வரிசையில் யாரும் நிற்பதில்லையே. ஆனால் வீட்டுவசதித் திட்டத்தை மாநிலம் ஏற்கும்படி புதுப்பித்து வைக்காத ஊரில், குறிப்பிட்ட பங்கு மலிவு வீடுகள் வைத்துக் கட்டுகிறேன் என்று வரும் பில்டரை ஸோனிங்கைக் காட்டி மறுக்க முடியாது. 2023இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பல ஊர்களுக்கு இது புரிந்தது, கெடு ஜனவரி 31, பல ஊர்கள் கோட்டை விட்டன. ஒரு பிளானர் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு அப்புறம் வழக்கறிஞருக்குக் கொடுப்பதில் என்ன லாபம். புகார் பார்க்கும் பிரிவை மட்டும் கொஞ்சம் சுருக்கலாம், வேலி ஆறங்குலம் கூடுதல் உயரம், பழைய கார் முற்றத்தில் நிற்கிறது மாதிரி அண்டை வீட்டுச் சண்டைகளை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கராஜில் கள்ளத்தனமாகக் கம்பி இழுத்து ஆட்களைக் குடிவைத்திருப்பது மாதிரியானவற்றை மட்டும் உடனே பார்க்கலாம்.

ஆக, தம்பிக்கு என் பதில். நாலாவதுக்கு டிக், ஆனால் கீழே இருக்கும் காலி இடத்தில் எந்த வேலை என்று எழுதுங்கள்: சோலார், முன்பே ஒப்புதல் வாங்கிய வரைபடம், ஹீட்டருக்கு வீடியோ. இரண்டாவதுக்கும் டிக், பெரிய வேலைகளுக்கு மட்டும் என்று எழுதி. மூன்றாவது, வரிசை 30 நாளைத் தாண்டும்போது திறந்துவிடும் மதகாக இருந்தால் போதும். முதலாவதை விட்டுவிடுங்கள். கவுண்டிக் கூட்டத்தில் பேசும் நேரம் கிடைத்தால், ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் தருவார்கள், நான் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்கப் போகிறேன். பெர்மிட் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது என்ற எண் இல்லை, அதை அவர்களே படம் போட்டுக் காட்டுவார்கள். ஒரு விண்ணப்பம் சராசரியாக எத்தனை தடவை திருத்தத்துக்குத் திரும்பிப் போகிறது, அதில் கவுன்டரில் முதலில் வந்து கேட்டுவிட்டுப் போட்டவர்கள் எத்தனை தடவை, கேட்காமல் போட்டவர்கள் எத்தனை தடவை என்பதை மூடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்பேன்.